வேலியோரத்து மூன்றிலைக் கொடி

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பாய்சன் ஐவி என்னும் கொடியைப் பற்றி இந்த மாதம் ஆறு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்து அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவை. களைக்கொல்லி மருந்து அடிக்காமல் அதை ஒழிக்க வழி கேட்பவை. ஆறாவது பண்ருட்டியிலிருந்து வந்தது. அதில் இருப்பது வேறொரு கவலை, ஆனால் வேர் ஒன்றுதான். ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு செடிக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நியூஜெர்சி மாநிலம் எடிசனில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறோம். என் கணவர் திருவையாற்றுப் பக்கம் நாற்பது ஆண்டுகள் விவசாயம் பார்த்தவர். இங்கே கொல்லைப்புறத்து மரவேலியை ஒட்டி, மூன்று மூன்று இலையாக ஒரு கொடி படர்ந்திருக்கிறது. அவர் அதைப் பிடுங்கக் குனிந்தபோது மருமகள் அலறிக்கொண்டு ஓடிவந்து தடுத்துவிட்டாள். "செடிதானே அம்மா, பாம்பா என்ன?" என்று அவர் சிரிக்கிறார். பேரக்குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் மருந்தடிக்க மகனுக்கு மனமில்லை. கையால் பிடுங்கிவிடலாமா?
– வாசகி, எடிசன்

பதில்: உங்கள் மருமகள் தடுத்தது சரி. உங்கள் கணவர் நினைத்ததிலும் பாதி சரி. மருந்தில்லாமல் இந்தக் கொடியை ஒழிப்பதற்குக் கையால் பிடுங்குவதைவிட நல்ல வழி இல்லை. வெறுங்கையால் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் அது பாய்சன் ஐவிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடு இலைக்கு மட்டும் தனியாகச் சற்று நீளமான காம்பு உண்டு. பக்கத்து இலைகள் இரண்டும் தண்டோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல் இருக்கும். அந்தப் பக்கத்து இலைகள் பலவற்றில் வெளி விளிம்பில் மட்டும் கட்டைவிரல்போல ஒரு பிதுக்கம் தெரியும். தண்டில் முள் இருக்காது. காம்புகள் ஒன்றுக்கொன்று எதிராக அல்லாமல், ஒன்று இப்பக்கம், அடுத்தது சற்று மேலே அப்பக்கம் என்று மாறி மாறிக் கிளம்பும். வசந்தத்தில் கொழுந்து செம்மை கலந்து பளபளக்கும். இலையுதிர் காலத்தில் முழுச் செடியும் சிவந்து, பார்க்க அழகாகவே இருக்கும். ஐந்து சிற்றிலைகள் இருந்தால் அது வர்ஜீனியா க்ரீப்பர் என்னும் வேறு கொடி. முள்ளும், வெளுத்த அடிப்பக்கமும் இருந்தால் அது ராஸ்ப்பெர்ரி வகையாக இருக்கும்.

இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஓடும் பிசினில் உருஷியால் என்னும் எண்ணெய் இருக்கிறது. இலையோ தண்டோ கசங்கும்போது அது வெளியே வரும். உப்புக்கல் ஒன்றின் எடைக்கும் குறைவான அளவு போதும், பெரும்பாலோருக்கு அரிப்பும் கொப்புளமும் வந்துவிடும். தொட்டவுடன் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. அரைநாள் முதல் மூன்று நாள் கழித்துத்தான் தோல் தடிக்கும். வாழ்நாளில் முதன்முறையாகப் பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். அதனால்தான் முதல்முறை தொட்டுவிட்டு "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சொன்னவர்கள் அடுத்த வாரம் டாக்டரிடம் உட்கார்ந்திருக்கிறார்கள். செடி பட்டுப்போன பிறகும், மழைக்காலம் இரண்டு கடந்த பிறகும், இந்த எண்ணெய் வீரியம் இழப்பதில்லை. மண்வெட்டிப் பிடியில் ஒட்டியிருந்தால் அடுத்த ஆண்டும் வேலையைக் காட்டும்.

எனவே நாற்பது ஆண்டு அனுபவத்தில் உங்கள் கணவருக்கு இயல்பாகிப்போன காரியங்கள் சிலவற்றை இங்கே கைவிட வேண்டியிருக்கும். வெறுங்கை, வெறுங்கால், மடித்துக் கட்டிய வேட்டி, பிடுங்கிய களையை வரப்பில் போட்டுக் காயவைத்துக் கொளுத்துவது, குப்பைக்குழியில் தள்ளி எருவாக்குவது ஆகிய எல்லாம் நம் ஊர்க் களைகளுக்கு நல்ல வழக்கங்கள்; இந்தக் கொடிக்கு அவை ஒவ்வொன்றும் ஆபத்து.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, உயரமான காலுறை, ரப்பர் பூட்ஸ் வேண்டும். சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் போடுவதுபோன்ற மெல்லிய லேடக்ஸ் கையுறை உதவாது, எண்ணெய் அதன் ஊடாக இறங்கிவிடும். கனமான வினைல் கையுறையே சரி. அதற்குள் பழைய பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டால் வியர்வை உறுத்தாது.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். ஈர மண்ணில்தான் வேர் அறுபடாமல் வரும். முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள இளஞ்செடிகளுக்கு ஒரு எளிய முறை உண்டு. ரொட்டி சுற்றி வரும் நீண்ட பிளாஸ்டிக் பையைக் கையுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு, செடியை அடித்தூரில் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். வேர் வந்ததும் செடியைக் கைக்குள் வைத்தபடியே பையை வெளிப்புறம் உள்ளாக உருவிவிட்டால், செடி பைக்குள் இருக்கும். கை எதையும் தொட்டிருக்காது. வாயைக் கட்டிப் போட்டுவிடலாம்.

படர்ந்த கொடிக்கு இது போதாது. அதன் வேர்த்தண்டு மேல்மண்ணுக்குள் படுக்கைவாட்டில் வெகுதூரம் ஓடும். கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. களைக்கொத்தால் பக்கத்து மண்ணைத் தளர்த்தி, வேர்த்தண்டு போகிற திசையிலேயே தொடர்ந்து போய், கயிற்றைச் சுருட்டுவதுபோல எடுக்க வேண்டும். விட்டுப்போன துண்டு ஒவ்வொன்றும் மூன்று வாரத்தில் துளிர் காட்டும், காட்டியதும் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் முடியும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நன்றாக வேர்பிடித்த இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று பருவம் ஆகும். நைலான் கயிறு சுழன்று புல் வெட்டும் கருவியை மட்டும் இதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது இலையை நறுக்கிச் சாற்றை முழங்கால் முதல் முகம் வரை தெளித்துவிடும்.

வேலை முடிந்தபின் கழற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். என் கதையையே சொல்கிறேன். மகள் வீட்டுக் கொல்லையில் இரண்டு மணி நேரம் மிகக் கவனமாகக் கொடி பிடுங்கினேன். கையுறையை உட்புறம் வெளியாக உருவி எறிந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு, பூட்ஸுக்குப் பதிலாக அன்று போட்டிருந்த காலணியின் கயிற்றை அவிழ்த்தேன். அந்தக் கயிறுதான் காலை முழுவதும் செடிக்குள் உரசிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கயிற்றைப் பிடித்த இரண்டு விரல்களுக்கு நடுவிலும், பிறகு சொறிந்த கழுத்திலும் வரிசையாகக் கொப்புளம். முதலில் காலணி, கடைசியில் கையுறை என்பது அன்று கற்ற பாடம்.

செடி பட்ட தோலை முதல் பத்து நிமிடத்துக்குள் பாத்திரம் துலக்கும் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு, துணியால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். அரைமணி நேரம் கடந்துவிட்டால் எண்ணெயின் பெரும்பகுதி தோலோடு பிணைந்திருக்கும். அப்போதும் கழுவுவது வீணல்ல, மிச்சம் இருப்பது பரவாமல் தடுக்கும். தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ கழுவுவதற்கு முன்பு தடவ வேண்டாம். எண்ணெயை எண்ணெய் இழுத்துக்கொண்டு போகும். உடுத்திய துணியைத் தனியாக, சுடுநீரில் துவையுங்கள். கருவிகளை ஆல்கஹால் நனைத்த துணியால், அதுவும் கையுறையோடு, துடைத்து வையுங்கள். கொப்புளத்து நீர் பட்டால் மற்றவருக்குத் தொற்றும் என்பது தவறான பயம். குழந்தைகளை அதற்காக விலக்கி வைக்க வேண்டியதில்லை. முகம் வீங்கினாலோ, கண்ணருகே வந்தாலோ, மூச்சு இறுகினாலோ கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வேலியோரத்தில் மட்டும் ஏன் முளைத்தது என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். இதன் வெண்ணிறப் பழங்களைப் பறவைகள் விரும்பித் தின்னும். வேலியில் உட்கார்ந்து எச்சமிடும். விதை அங்கே விழும். ஆகவே இந்த ஆண்டு முற்றிலும் எடுத்துவிட்டாலும், ஒவ்வொரு மே மாதமும் வேலியோரமாக ஒரு நடை நடந்து, இரண்டு விரற்கடை உயரத்தில் மூன்றிலை தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஐயா, நாங்கள் ஸ்கார்பரோவில் பள்ளத்தாக்கை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். எங்கள் வளவின் பின்மூலையில் நிற்கும் பெரிய மேப்பிள் மரத்தில், மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கொடி ஏறியுள்ளது. அதன் தண்டு முழுவதும் கபில நிற மயிர் போர்த்தியதுபோல் இருக்கிறது. அயல்வீட்டார் இது பாய்சன் ஐவி என்கிறார்கள். மரத்திலிருந்து இழுத்து விழுத்தலாமா? களைக்கொல்லி பாவிப்பது இங்கே சட்டப்படி குற்றம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், ஸ்கார்பரோ, ஒண்டாரியோ

பதில்: மயிர்போல் தெரிபவை கொடி மரத்தைப் பற்றிக்கொள்ளும் வேர்கள். குளிர்காலத்தில் இலை ஒன்றும் இல்லாதபோது இந்தக் கொடியை அடையாளம் காண அவையே போதும். இழுத்து விழுத்த வேண்டாம். தலைக்கு மேல் உள்ள கொடியை இழுப்பவரின் முகத்திலும் கழுத்திலும்தான் அது வந்து விழும்.

இலை கொட்டியபின், பனி விழுவதற்கு முன், ஒரு வறண்ட நாளில் கைரம்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரம்பம் வேண்டாம். அது தூளைப் பறக்கவிடும். கணுக்கால் உயரத்தில் ஒரு வெட்டு, மார்பு உயரத்தில் ஒரு வெட்டு. மரப்பட்டையில் காயம்படாதபடி இரண்டுக்கும் இடையிலுள்ள துண்டைத் தட்டையான கம்பியால் நெம்பி எடுத்துப் பைக்குள் போடுங்கள். மேலே இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். வேரிலிருந்து தொடர்பு அறுந்த கொடி தானாகக் காய்ந்து, சில ஆண்டுகளில் துண்டு துண்டாக உதிரும். உதிர்ந்ததையும் வெறுங்கையால் பொறுக்கக் கூடாது.

கீழே இருக்கும் அடிக்கட்டை அடுத்த வசந்தத்தில் ஆவேசமாகத் துளிர்க்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம், அதுதான் நமக்கு வாய்ப்பு. துளிர் விடுவதற்கு வேரில் சேர்த்துவைத்த மாவுப்பொருளைக் கொடி செலவழிக்கிறது. இலை விரிந்து வெயிலில் உணவு தயாரிக்கத் தொடங்கினால் செலவழித்தது திரும்பிவிடும். இலை முற்றிலும் விரியும் முன்பே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட கைப்பிடி உள்ள கத்தரியால் வெட்டிக்கொண்டே வந்தால், செலவு மட்டும் நடக்கும், வரவு இருக்காது. கோடை முடிவதற்குள் துளிர் மெலிவதைப் பார்ப்பீர்கள். தரையில் படர்ந்த கொடியைவிட மரமேறிய கொடியே பெரும்பாலும் பூத்துக் காய்ப்பது. எனவே இந்த ஒரு வெட்டால் வளவுக்குள் விழும் விதையும் குறையும்.

சட்டத்தைப் பற்றி: அழகுக்காக மட்டும் தோட்டங்களில் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடிப்பதை ஒண்டாரியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்திருக்கிறது. ஆனால் தொட்டால் நஞ்சாகும் செடிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பாய்சன் ஐவி அவற்றுள் ஒன்று. ஆகவே மருந்தில்லாமல் ஒழிப்பது உங்கள் விருப்பமே தவிரக் கட்டாயம் அல்ல.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள கொடியைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். அது வெளியிலிருந்து வந்து புகுந்த களை அல்ல. இந்த மண்ணுக்கே உரிய செடி. உறைபனிக் காலத்தில் பறவைகளுக்கு அதன் பழம் உணவு, மான்களுக்கு அதன் தழை உணவு. பிள்ளைகள் புழங்கும் வளவுக்குள் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. காட்டுக்குள் அதற்கு நம்மைவிட மூத்த உரிமை இருக்கிறது.

கேள்வி: வினிகர், கல் உப்பு, பாத்திர சோப்பு மூன்றையும் கலந்து தெளித்தால் பாய்சன் ஐவி அடியோடு அழிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கொதிநீர் ஊற்றலாம் என்றும் கேள்விப்பட்டேன். எது நல்லது?
– வாசகர், வர்ஜீனியா

பதில்: இலை கருகும், கொடி அழியாது. சமையலறை வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது பட்ட இலையை மட்டும் பொசுக்கும், வேருக்குள் இறங்காது. மறுநாள் கருகிய இலையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் மூன்றாம் வாரம் புதுத் துளிரைப் பார்ப்பார்கள். தோட்டக் கடையில் 20 சதவீத வினிகர் கிடைக்கிறது என்பது உண்மைதான். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதைத் தெளிப்பவர் தாம் மருந்தில்லாத வழியில் போவதாக நினைத்துக்கொள்வது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது.

உப்பைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. உப்பேறிய மண் என்னவாகும் என்பது கடலோர விவசாயியைக் கேட்டால் தெரியும். கொடிக்காகப் போட்ட உப்பு அடுத்து அந்த இடத்தில் எதையும் வளரவிடாது. மழையில் கரைந்து பக்கத்து மரத்தின் வேருக்கும் போய்ச் சேரும்.

கொதிநீர் கல்பாவிய நடைபாதையின் இடுக்கில் முளைத்த ஒற்றைச் செடிக்குப் பயன்படும், அதுவும் நாலைந்து தடவை ஊற்றினால். படர்ந்த கொடிக்கு அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்துச் சுமந்துபோனால் முதலில் வேகுவது நம் காலாகத்தான் இருக்கும்.

தரையில் படர்ந்து கிடக்கும் பெரிய பரப்பைப் பிடுங்கத் தெம்பில்லாதவர்களுக்கு நான் சொல்வது மூடாக்கு. கொடியைத் தரைமட்டமாக வெட்டிப் பையில் கட்டிவிட்டு, பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டு நாடாக்களை உரித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி இரண்டு அடுக்கு பரப்புங்கள். தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். அதன்மேல் முக்கால் அடி உயரத்துக்கு மரச்சிராய் கொட்டுங்கள். வெளிச்சமில்லாமல் வேர் சோர்ந்துபோக இரண்டு கோடையாவது ஆகும். விளிம்பைத் தாண்டி ஒரு கை நீட்டிப் பார்ப்பது இந்தக் கொடியின் குணம். அங்கே மட்டும் மாதம் ஒருமுறை கையுறையோடு காவல் நிற்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் புதர். ஆடு விட்டு மேய்த்தால் பாய்சன் ஐவி போய்விடும் என்று ஒருவர் சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தேன். உண்மையா? இந்தக் கொடி ஒவ்வோர் ஆண்டும் முன்னைவிட வேகமாக வளர்வதாகத் தோன்றுவது என் பிரமையா?
– வாசகி, ராலே, வட கரோலினா

பதில்: ஆடு விளையாட்டல்ல. நம் ஊர் வழக்கங்களில் இந்தக் கொடியிடம் செல்லுபடியாகும் ஒன்று உண்டென்றால் அது ஆடுதான். உருஷியால் ஆட்டை ஒன்றும் செய்வதில்லை; வெள்ளாடு இந்த இலையை ஆசையாகவே தின்னும். வாஷிங்டனிலுள்ள பழைய காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் 2013 ஆகஸ்டில் ஆடுகளை விட்டுப் புதரை மேயவைத்தார்கள். நியூயார்க் நகரின் ரிவர்சைட் பூங்காவில் 2019 மே மாதம் 24 ஆடுகள் இதே வேலைக்கு வந்திறங்கியபோது, பார்க்கக் கூட்டம் கூடியது. வாடகைக்கு ஆடு அனுப்பும் பண்ணைகள் அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருக்கின்றன.

ஆனால் ஆடு வேரைத் தின்பதில்லை. ஸ்கார்பரோ வாசகருக்குச் சொன்ன அதே கணக்குதான் இங்கேயும்: ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை, இரண்டு ஆண்டுகள் மேய்ந்தால்தான் வேர் வறளும். ஆட்டுக்கு உங்கள் ரோஜாவும் ஒன்றுதான், புதிதாக நட்ட பழமரக் கன்றும் ஒன்றுதான். தற்காலிக வேலி இல்லாமல் விடாதீர்கள். மேய்ந்து வந்த ஆட்டைக் குழந்தைகள் கட்டிப்பிடிக்கக் கூடாது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் மயிரில் எண்ணெய் ஒட்டியிருக்கும். இதே காரணத்துக்காக, புதருக்குள் புகுந்து வந்த வீட்டு நாயையும் கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்டுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் காட்டில், மரங்களுக்கிடையே கரியமில வாயுவின் அளவைச் செயற்கையாக உயர்த்தி ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் வாயுவில் பாய்சன் ஐவியின் ஆண்டு வளர்ச்சி 149 சதவீதம் அதிகமானது, அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதன் உருஷியாலும் மேலும் காரமான வகையாக மாறியது. தண்டு தடித்து நிற்கும் மரத்தைப்போல உடம்பு வளர்க்கும் செலவு கொடிக்கு இல்லை. கிடைப்பதில் பெரும்பங்கை இலைக்கே போடுகிறது. அந்தச் சோதனையில் உயர்த்திய அளவை வெளிக்காற்று இன்னும் எட்டவில்லை, ஆனால் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிரமை என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிடுங்கிய கொடி மூன்று மூட்டை சேர்ந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் சருகோடு சேர்த்து எரித்துவிடலாமா, அல்லது உரக்குழியில் போடலாமா?
– வாசகர், பென்சில்வேனியா

பதில்: எரிக்கவே கூடாது. உருஷியால் புகைத்துகள்களோடு காற்றில் ஏறும். தோலில் பட்டால் கொப்புளம்; அதையே மூச்சில் இழுத்தால் தொண்டையும் நுரையீரலும் வீங்கும். காட்டுத்தீ அணைக்கப் போகும் வீரர்கள் இப்படி ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்ததுண்டு. விறகு வாங்கும்போதும் பாருங்கள்: கட்டையின் பட்டையில் மயிரடர்ந்த காய்ந்த கொடி ஒட்டியிருந்தால் அந்தக் கட்டையைக் கணப்பில் போடக் கூடாது.

உரக்குழியும் வேண்டாம். தழை மட்கிப்போகும், எண்ணெய் எப்போது போகும் என்று கணக்குச் சொல்ல முடியாது. அந்த உரத்தைக் கத்தரிப் பாத்திக்கு வெறுங்கையால் அள்ளிப் போடப்போவது நீங்களோ உங்கள் வீட்டாரோதான். மரத்தூள் இயந்திரத்திலும் கொடுக்காதீர்கள். கனமான கறுப்புப் பையில், பைக்குள் பையாகப் போட்டு, இறுகக் கட்டி, வீட்டுக் குப்பையோடு அனுப்புவதே முறை. தோட்டக் கழிவுக்கென்று வைக்கும் காகிதப் பையில் போட்டால் ஊர்ப் பொது உரக்கிடங்குக்குப் போய்விடும், தூக்கிச் செல்லும் தொழிலாளியின் கையிலும் படும். கொடியை வீட்டுக் குப்பையில் எடுத்துக்கொள்கிறார்களா என்று உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விதி ஊருக்கு ஊர் மாறும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு பாய்சன் ஐவி பட்டுப் பெரும் அவதி. இந்தக் கோடையில் ஊருக்கு வந்தவள் மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றாள். இரண்டு நாளில் உதட்டைச் சுற்றிக் கொப்புளம். சிறுவயதில் மரத்திலேயே ஏறி உட்கார்ந்து தின்றவள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: உண்டு. பாய்சன் ஐவி, பெயரில் ஐவியாக இருந்தாலும், மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரியும் சேராங்கொட்டையும் அதே குடும்பம்தான். மாந்தோலிலும் காம்புப் பாலிலும் உருஷியாலுக்கு மிக நெருங்கிய பொருள்கள் இருக்கின்றன. ஒருமுறை உருஷியாலுக்குப் பகையாகிவிட்ட உடம்பு, மாந்தோலைக் கண்டாலும் அதே பகையாளி வந்துவிட்டான் என்று எண்ணிக்கொள்கிறது. முந்திரிக் கொட்டை உடைப்பவர்கள் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வது ஏன் என்று பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டிலுள்ள எண்ணெயும் இந்த வகையே.

சேராங்கொட்டையின் கதை இன்னும் வேடிக்கையானது. நம் நாட்டில் சலவைக்குப் போகும் துணியில் அடையாளக் குறி போடுவதற்கு அதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். எத்தனை வெளுத்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குச் சட்டைக் கழுத்துப்பட்டை உரசும் இடத்தில், சரியாகக் குறி போட்ட அளவுக்கு மட்டும், தோல் கொப்புளித்தது. சொந்த ஊரில் பாய்சன் ஐவியிடம் பட்டவர்களின் உடம்பு, கடல் தாண்டி வந்து அதன் உறவுக்காரனை அடையாளம் கண்டுகொண்டது. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்று வைத்திருப்பதன் காரணமும் இந்த எண்ணெய்தான்.

சிறுவயதில் மாங்காய் தின்று பழகியவர்களை இந்தக் கொடி ஒன்றும் செய்யாது என்று அங்குள்ள நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி யாரும் கை வைக்க வேண்டாம். உங்கள் மகளே சாட்சி.

மாம்பழத்தை அவர் ஒரேயடியாக விட வேண்டும் என்பதில்லை. சதைப்பகுதி பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. தோலும் பாலும்தான் பிரச்சினை. இப்போதுள்ள புண் ஆறும்வரை வேண்டாம், உதடோ நாக்கோ முன்னர் வீங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதன் பிறகும் வேண்டாம். மற்றபடி, பறித்த காயின் காம்பை ஒடித்துக் கவிழ்த்துவைத்துப் பால் வடியவிடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே. அப்படி வடியவிட்டு, பழுத்தபின் சோப்பு நீரில் கழுவி, வேறொருவர் தோலைத் தடிமனாகச் சீவி, கத்தியையும் கையையும் கழுவிக்கொண்டு, பிறகு துண்டு போட்டுக் கிண்ணத்தில் கொடுக்கட்டும். கொட்டையைச் சப்புவதை மட்டும் அவர் தம்பி தங்கைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.